அறுவைக்குப் பிறகு இடுப்புத்தளத்துக்குக் கரண்ட் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை எடுத்தவர்கள், அடி இறங்கியதை (கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிந்ததை) தூக்கிக் கட்டியவர்கள், சிசேரியனோ பிரசவத் தையலோ ஆனவர்கள் என்று ஏதோ ஓர் அறுவைக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் தவிக்கும் பெண்கள் கோலாலம்பூரில் எங்கள் பிசியோ அறைக்கு வந்து கேட்கும் கேள்விகள் இவை. பினாங்கிலிருந்து போனில் கேட்டவையும் சில உண்டு. பாதிப் பேர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்.

“கரண்ட் வைத்தால் சரியாகிவிடுமாமே?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. கரண்ட் என்பது சிறுநீரை அடக்கும் தசைக்குச் சின்ன மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை. சிலருக்கு அது நன்றாக உதவும். பலருக்கு அது தேவையே இல்லை. இதில் நீங்கள் யார் என்று தெரிவதற்கு முன்னால் யாரிடமும் பேக்கேஜ் பணம் கட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறுவை நன்றாக முடிந்தது என்றார் டாக்டர். அப்புறம் ஏன் கசிகிறது?

முன்னால் அடிவயிற்று எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. அதுதான் இடுப்புத்தளம். டாக்டர்கள் பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் சேக்ரல் 2, 3, 4 என்ற இடங்களிலிருந்து வரும் நரம்புகள் அதை இயக்குகின்றன.

அறுவையில் இந்த நரம்புகள் இழுபட்டிருக்கலாம். வலியாலும் வீக்கத்தாலும் தசை தானாகவே வேலையை நிறுத்தியிருக்கலாம். நரம்பு நைந்திருந்தால் அது திரும்ப வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே வாரக்கணக்கில் மட்டுமல்ல, மாதக்கணக்கிலும் பொறுக்க வேண்டியிருக்கும். பிரசவத்திலேயே பலவீனமாகி, இத்தனை வருடம் எப்படியோ சமாளித்து வந்த தசை அறுவைக்குப் பிறகு கைவிட்டிருக்கவும் கூடும்.

அடி இறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் இன்னொரு விஷயமும் நடக்கும். இறங்கிய உறுப்பு சிறுநீர்க் குழாயை மடக்கிப் பிடித்திருக்கும். அந்த மடிப்பினாலேயே சிறுநீர் வெளியே வராமல் இருந்திருக்கும். டாக்டர் எல்லாவற்றையும் நேராக்கியதும், மறைந்திருந்த கசிவு வெளியே வந்துவிடும். “ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு இது இல்லவே இல்லை” என்று கோபத்தோடு வருபவர்களில் சிலர் இந்த வகை. அறுவையில் தவறு நடந்தது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. கர்ப்பப்பை எடுத்த பிறகு இருமல், தும்மல், அவசரம் எதுவும் இல்லாமலேயே, படுத்தாலும் உட்கார்ந்தாலும், இரவு பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், சிறுநீர்ப்பைக்கும் பெண்ணுறுப்புப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்க வாய்ப்புண்டு. பிஸ்டுலா என்பார்கள். அதற்குப் பயிற்சியும் உதவாது, கரண்டும் உதவாது. அறுவை செய்த டாக்டரிடம் உடனே திரும்பிப் போங்கள்.

கரண்ட் என்னதான் செய்கிறது?

வெளியிலிருந்து சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பி நரம்பைத் தூண்டுகிறது. நரம்பு தூண்டப்பட்டால் தசை சுருங்கும். நீங்கள் முயற்சி செய்யாமலேயே அந்த இடம் உள்ளே இழுபட்டு மேலே எழுவதை உணர்வீர்கள். “ஓ, இந்தத் தசையைத்தான் இத்தனை நாள் இறுக்கச் சொன்னீர்களா?” என்று படுக்கையிலிருந்தே கேட்பார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சிகிச்சையில் பெரிய லாபமே அந்த நிமிடம்தான். தசைக்குப் பலம் சேர்ப்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது.

கரண்ட்டின் வேகத்தை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். தசையைச் சுருக்கிப் பலப்படுத்த பொதுவாக 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வைப்போம். தசைக்கு இளைப்பாற நேரம் வேண்டும் என்பதால், சில விநாடி ஓடும், அதைப்போல இரண்டு மடங்கு நேரம் நிற்கும். அவசரமாக முட்டிக்கொண்டு வருவதை அடக்க 10 ஹெர்ட்ஸை ஒட்டிய மெதுவான துடிப்பு. அது தசையை விட, சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்பு வழிகளை அமைதிப்படுத்தும் நோக்கத்தில் வைப்பது. ஆகவே இரண்டுக்கும் ஒரே அமைப்பை வைப்பவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

ஏதோ நேற்று வந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இடுப்புத்தளப் பயிற்சியைப் பற்றி எழுதினார். கெகல் பயிற்சி என்ற பெயர் அவரால் வந்தது. இங்கிலாந்தில் கால்டுவெல் என்ற அறுவை மருத்துவர் (நம் திருநெல்வேலிக் கால்டுவெல் இல்லை) 1963இல் உடலுக்குள் மின்முனையைப் பதித்துச் சுருக்குத் தசையைத் தூண்டியதைப் பதிவு செய்தார். இன்று பதிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை.

எனக்குத் தேவையா, இல்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பட்டியலில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

பிசியோவோ டாக்டரோ கையுறை போட்டு ஒரு விரலை உள்ளே வைத்து, “இறுக்குங்கள்” என்று சொல்லிப் பார்ப்பார்கள். தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பு கொடுப்போம். அசைவே இல்லை என்றால் 0. லேசான துடிப்பு மட்டும் என்றால் 1. விரலை நன்றாகப் பிடித்து, எதிர்த்து இழுத்தாலும் மேலே தூக்கினால் 5. இரண்டோ மூன்றோ வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான பயிற்சிதான். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு வெளியிடும் மருத்துவ வழிகாட்டி நாளுக்கு 3 முறை, முறைக்குக் குறைந்தது 8 தடவை இறுக்குதல், கண்காணிப்போடு குறைந்தது 3 மாதம் என்கிறது. கசிவு உள்ள எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாகக் கரண்ட் வைக்க வேண்டாம் என்றும், தானாக இறுக்கவே முடியாதவர்களுக்கு அதை யோசிக்கலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 0, 1 வாங்குபவர்கள் அந்தக் கூட்டம். அறுவைக்குப் பிறகு அந்த இடத்தின் உணர்வே போய்விட்டது போல இருப்பவர்களில் பலர் இதில் வருவார்கள்.

புண் ஆறிய பிறகு வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கையை நன்றாகக் கழுவி, குளிக்கும்போது ஒரு விரலை உள்ளே வைத்து, காற்று பிரிவதை அடக்குவது போல இறுக்குங்கள். விரலைச் சுற்றி இறுகி, உள்ளே இழுத்தால் தசைக்கு வேலை தெரிகிறது. விரல் வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள், இறுக்கவில்லை. இது ரொம்பப் பேர் செய்வது. மூச்சைப் பிடிப்பது, பிட்டத்தைச் சேர்த்து அழுத்துவது, தொடையை ஒட்டுவது இவையும் அதே கணக்குத்தான். மாதக்கணக்கில் “தினமும் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் இறுக்கும் விதத்தை ஒருமுறை சோதித்துக்கொண்டால் போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்வதை மட்டும் வழக்கமாக்காதீர்கள். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகும்.

உள்ளே வைப்பார்களாமே? வலிக்குமா?

விரல் பருமனில் இருக்கும் ஒரு ப்ரோப்பைப் பெண்ணுறுப்புப் பாதைக்குள் வைப்போம். அதில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். தண்ணீர் கலந்த ஜெல் மட்டும்தான் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எல்லாம் கரண்ட்டைத் தடுக்கும், ப்ரோப்பையும் கெடுக்கும். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்தால் போதும். மேலே போர்வை இருக்கும். வைத்த பிறகு நாங்கள் அதைத் தொட வேண்டியதில்லை. பலர் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

அளவை மில்லிஆம்பியரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அப்புறம் தசை இழுக்கும். எரிச்சலோ குத்தலோ வந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது ப்ரோப் சரியாகப் படவில்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள். “டாக்டர் வைத்தது, பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் ஆன்ட்டிகளைப் பார்க்கும்போது எனக்குத்தான் பதறும். வலியைத் தாங்குவதால் பலன் கூடாது. ஒரு அமர்வு 20 முதல் 30 நிமிடம்.

இன்னொரு பயமும் உண்டு: ஷாக் அடித்துவிடுமா என்று. வீட்டில் வைக்கும் சின்னக் கருவி பேட்டரியில் ஓடுகிறது. சுவர் பிளக்கில் இருக்கும் கரண்ட் உங்கள் உடம்புக்கு வருவதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பைப்ராய்ட் கட்டி எடுத்தார்கள். எனக்கும் உள்ளேதான் வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தோலின் மேல் ஒட்டும் பேட்களை வால் எலும்பின் மேலும் பிறப்புறுப்புக்கு அருகிலும் வைத்துச் செய்யலாம். உள்ளே வைப்பதைப் போல நேராகத் தசையைப் பிடிக்காது என்பது உண்மை, ஆனாலும் வழி இருக்கிறது. அவசரக் கசிவு என்றால் கணுக்கால் வழி (அடுத்த கேள்வியில் வருகிறது) இன்னும் சுலபம். சோதனையும் வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்க முடியும்: அடிவயிற்றில் வைத்து, நீங்கள் இறுக்கும்போது சிறுநீர்ப்பையின் அடி தூக்கப்படுகிறதா என்று திரையில் பார்ப்போம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

கணுக்காலில் ஏன் வைக்கிறார்கள்? கசிவது அங்கே, கரண்ட் இங்கேயா?

கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். கணுக்காலின் உள்பக்க எலும்புக்குச் சுமார் மூன்று விரல் மேலே ஓடும் டிபியல் நரம்பு, சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் அதே சேக்ரல் பகுதியோடு போய்ச் சேர்கிறது. கால் நரம்பைத் தட்டினால் மேலே அடங்குகிறது. சீன அக்குபங்சரில் இதே இடத்தில் ஊசி குத்தும் புள்ளி ஒன்று இருக்கிறது. பினாங்கில் ஒரு சீன வைத்தியரிடம் போய்வந்தவர் இடத்தைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிட்டார்.

மெல்லிய ஊசி வைத்துச் செய்யும் முறையில் வாரம் ஒருமுறை, 30 நிமிடம், 12 வாரம் என்பது வழக்கமான கணக்கு. துடிப்பு 20 ஹெர்ட்ஸ். இடம் சரியாகக் கிடைத்தால் கால் பெருவிரல் தானாக மடங்கும். ஊசி வேண்டாம் என்றால் ஒட்டும் பேட் போதும். அதை வீட்டிலும் செய்யலாம். கொலுசைக் கழற்றிவிடுங்கள், உலோகம் பேட்டில் படக் கூடாது.

இது அவசரமாக முட்டிக்கொண்டு வருபவர்களுக்கானது. வீட்டுக் கதவில் சாவி போடும்போதே வந்துவிடுகிறது, குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டாலே ஓட வேண்டியிருக்கிறது என்பார்களே, அவர்களுக்கு. இருமினால், தும்மினால், அரிசி மூட்டை தூக்கினால் மட்டும் கசிகிறவர்களுக்குக் கணுக்காலில் வைத்துப் பயனில்லை. மருந்தும் பயிற்சியும் இதுவும் கைகொடுக்காத அவசரக் கசிவுக்கு, முதுகின் அடியில் சேக்ரல் நரம்பருகே சின்னக் கருவியைப் பதிக்கும் சிகிச்சையும் இருக்கிறது. முதலில் தற்காலிகமாக வைத்துச் சோதித்து, பலன் தெரிந்தால்தான் நிரந்தரமாகப் பதிப்பார்கள்.

அறுவை முடிந்து எத்தனை நாளில் தொடங்கலாம்?

உள்ளே வைக்கும் எதுவும், புண் முழுக்க ஆறி, அறுவை செய்த டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். பொதுவாக 6 வாரப் பரிசோதனைக்கு அப்புறம். அடி இறக்கத்துக்குத் தையல் போட்டவர்களையும் உறுப்பைத் தாங்கும் வலை (மெஷ்) வைத்தவர்களையும் இன்னும் சில வாரம் காக்கச் சொல்வதுண்டு. அவசரப்பட வேண்டாம். சிறுநீர் டியூப் எடுத்த பிறகு, டாக்டர் தடுக்கவில்லை என்றால், லேசாக இறுக்கி விடும் பயிற்சியை அதற்கு முன்பே ஆரம்பிக்கலாம். இருமல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். அதற்குக் கருவியே வேண்டாம்.

யாருக்கு வைக்கக் கூடாது?

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு, சிறுநீர்த் தொற்றோ வெள்ளைப்படும் தொற்றோ இருப்பவர்களுக்கு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு, இடுப்புப் பகுதியில் இப்போது புற்றுநோய் இருப்பவர்களுக்கு வைக்க மாட்டோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடித்தவர்கள், புற்றுநோய் டாக்டரின் எழுத்து அனுமதியோடு வந்தால்தான் பேசவே தொடங்குவேன். காப்பர்டி வைத்திருந்தால் சொல்லிவிடுங்கள். கருவிக்குக் கருவி விதி மாறும். மாதவிடாய் நாட்களில் உள்ளே வைப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

சிறுநீர் தேங்குபவர்கள் தனி. பெரிய கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாது. நிறைந்து வழிவதைக் கசிவு என்று நினைப்பார்கள். போய்விட்டு வந்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் இவர்களுக்குக் கரண்ட் வைப்பது சரியில்லை. அவர்களுக்கு முதலில் டியூப் வைத்துக் காலி செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீண்ட நாள் சர்க்கரையால் உணர்வு மரத்துப்போனவருக்குக் கரண்ட் கூடினாலும் தெரியாது, தோல் புண்ணாகலாம். தொற்றும் அடிக்கடி வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரே அதிகம் ஊறும். அந்தக் கசிவை இடுப்புத்தளத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எத்தனை முறை வர வேண்டும்? எப்போது பலன் தெரியும்?

வாரம் இரண்டு முறை பிசியோவில், அல்லது வீட்டில் தினமும் ஒருமுறை என்று 8 முதல் 12 வாரம் ஆகும். நாலாவது வாரத்தில் நீங்களே கொஞ்சம் இறுக்க முடிகிறதா என்று திரும்ப விரல் வைத்துப் பார்க்க வேண்டும். முடிகிறது என்றால் கரண்ட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். இது நடக்காமல் அதே அமர்வை மாதம் மாதம் ஓட்டிக்கொண்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கரண்ட் ஓடும்போதும் சும்மா படுத்துப் போன் பார்க்காமல், அது இறுக்கும்போது நீங்களும் கூடவே இறுக்குங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது அம்மாவோடு வருகிறார்கள், சந்தோஷம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஆய்வு 2017இல் சொன்னது இது: இருமல்-தும்மல் கசிவுக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதை விடக் கரண்ட் நல்லதாக இருக்கலாம். பயிற்சிக்கு அது ஈடாகுமா என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது. அவசரக் கசிவில் நிலைமை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. ‘நூறு சதவீதம் குணம்’ என்று போஸ்டர் ஒட்டியவர்கள் இதைப் படிக்கவில்லை போலும்.

உடையோடு உட்காரும் காந்த நாற்காலி இருக்கிறதே, அது இதைவிட நல்லதா?

அது வேறு முறை. நாற்காலிக்குள் இருக்கும் சுருளில் காந்தப்புலம் மாறி மாறி எழும். அது உடலுக்குள் மின்னோட்டத்தை உண்டாக்கி நரம்பைத் தூண்டும். உடையைக் கழற்ற வேண்டாம், உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். கூச்சப்படும் பெண்களுக்கு இது பெரிய நிம்மதி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இதில் நம் ஊர் ஆய்வே இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருமல்-தும்மல் கசிவு உள்ள 120 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜக் காந்தத் துடிப்பும் மறு பாதிக்குப் போலியும் கொடுத்தார்கள். வாரம் இருமுறை, இரண்டு மாதம். 2017இல் வெளியான முடிவில், நிஜச் சிகிச்சை பெற்ற 60 பேரில் 45 பேருக்குப் பலன் தெரிந்தது. போலியில் 13 பேருக்கு. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்த 13ஐயும் கவனியுங்கள்: போலிச் சிகிச்சைக்கு உட்கார்ந்தே அவர்களுக்குக் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியானது என்பது மட்டும் சாட்சியாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அறுவைக்குப் பிந்தைய பெண்களுக்கென்றே செய்த ஆய்வு அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பேஸ்மேக்கர், இடுப்பில் உலோகம், காப்பர்டி இருந்தால் நாற்காலி கிட்டேயே போக வேண்டாம், முதலில் கேளுங்கள். விரல் சோதனை செய்யாமல் நேராக நாற்காலியில் உட்காரவைத்து 20 அமர்வு பேக்கேஜ் விற்கும் இடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

ஷாப்பீயில் மலிவாகக் கருவி கிடைக்கிறதே, வாங்கலாமா?

முதலில் ஒருவர் உங்களைச் சோதித்து, எந்த அமைப்பு, எத்தனை நிமிடம் என்று சொல்லட்டும். அப்புறம் வாங்குங்கள். மலேசியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் 737 இருக்கிறது. மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவான கருவியா என்று பதிவு எண்ணை விற்பவரிடம் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதுவே பதில். முதுகு வலிக்கு வாங்கிய டென்ஸ் கருவியில் (தோலில் பேட் ஒட்டி வலி குறைப்பது) ப்ரோப்பைச் செருகிப் பார்க்காதீர்கள்; இரண்டின் அளவும் அமைப்பும் வேறு.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்?

அரசாங்க வழியில் போனால், பக்கத்து அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். “அறுவைக்குப் பிறகு சிறுநீர் அடங்கவில்லை, இடுப்புத்தளப் பிசியோ வேண்டும்” என்று சொல்லி ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் சிறப்பு கிளினிக்கில் குடிமக்களுக்கு 5 வெள்ளி. வெளிநாட்டவருக்கு அதிகம். கோலாலம்பூரில் துங்கு அசிசா பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, செராசில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. பினாங்கில் தீவில் இருப்பவர்களுக்கு ஜி.எச். (அரசாங்கப் பொது மருத்துவமனை), பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை. பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணம் தனி. அறுவை எங்கே நடந்ததோ அங்கேயே கேட்டால் கோப்பு கையில் இருக்கும், வேலை சீக்கிரம் நடக்கும். தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். காத்திருக்கும் நாளில் மூன்று நாள் குறிப்பு எழுதிவையுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எப்போது கசிந்தது. அந்த ஒரு தாள் எங்களுக்கு அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். நாளுக்கு நாலு தே தாரேக் என்று அதில் இருந்தால், அங்கிருந்தே ஆரம்பித்துவிடலாம்.

தனியாரில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு அமர்வுக்கு எவ்வளவு, முதல் சோதனைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன்படி பிசியோக்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. பெண் பிசியோ வேண்டும் என்று தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அம்மாவையோ தங்கையையோ உடன் வைத்துக்கொள்ளலாம்.

மாமியார் உருவிவிடச் சொல்கிறார். வயிற்றை இறுகக் கட்டவும் சொல்கிறார்.

பிரசவத்துக்குப் பிறகு பிடான் அம்மாவை (மலாய் மருத்துவச்சி) கூப்பிட்டு உருவுவதும் பெங்கோங் என்ற வயிற்றுக் கட்டு கட்டுவதும் இங்கே நம் வீடுகளிலும் பழகிப்போனவை. கை காலை இதமாகப் பிடித்துவிடட்டும், தவறில்லை. அறுவைத் தழும்பின் மேலும் அடிவயிற்றிலும் அழுத்தி, “இறங்கியதை மேலே ஏற்றுகிறேன்” என்று தள்ளுவது கூடாது. கர்ப்பப்பையே எடுத்தவருக்கு ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது? கட்டு தளர்வாக இருந்தால் முதுகுக்குச் சுகம். மூச்சு முட்ட இறுக்கினால் வயிற்று அழுத்தம் முழுக்கக் கீழே, தையல் போட்ட இடத்துக்குத்தான் போகும். மாமியாரிடம் நீங்கள் சொல்ல முடியாவிட்டால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் சொல்கிறேன். பெரியவர்களில் பலர் அப்படி வந்து, கடைசியில் தங்கள் கசிவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஏறலாமா?

ஜனவரி நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பத்துமலையில் 272 படி. பினாங்கு தண்ணீர்மலையில் அதைவிட அதிகம், ஐந்நூறுக்கு மேல். அடி இறக்க அறுவைக்குப் பிறகு பாரம் தூக்க வேண்டாம் என்று டாக்டர்கள் 6 வாரம் முதல் 3 மாதம் வரை சொல்வார்கள். அந்தக் காலத்துக்குள் வந்தால் இந்த வருடம் கீழேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அதற்குப் பிறகு என்றால், டாக்டர் சரி சொன்னதும், முதலில் வெறும் கையோடு அடுக்குமாடிப் படியில் ஏறிப் பழகுங்கள். குடத்தில் பாலைக் குறையுங்கள். படிக்குப் படி மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே ஏறுங்கள். கசிவுக்குப் பயந்து விரத நாளில் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள் சிலர். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், அவசரமும் கூடும். பேட் வைத்துக்கொண்டு போங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கணவரோடு சேரும்போது வலிக்கிறது. கரண்ட் உதவுமா?

எல்லா இடுப்புத்தளமும் தளர்ந்துபோனது இல்லை. வலிக்குப் பயந்து பயந்து இறுகிப்போனதும் உண்டு. அதற்குப் பலப்படுத்தும் கரண்ட் வைத்தால் இன்னும் இறுகும். இவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சி, மூச்சு, தழும்பை மென்மையாக நீவுவது. வலி குறைக்க வேறு அமைப்பில் டென்ஸ் வைக்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கோ கருவகம் (சினைப்பை) எடுத்தவர்களுக்கோ வறட்சிதான் காரணமாக இருக்கலாம். அதற்கு டாக்டர் ஈஸ்ட்ரஜன் கிரீம் எழுதித் தருவார்.

மலமும் கசிகிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சொன்னதே நல்லது. பிரசவத்தில் ஆசனச் சுருக்குத் தசை கிழிந்து தைத்தவர்களுக்கும் குடல் அறுவை ஆனவர்களுக்கும் இது வரும். இதற்குத் தனியாகக் கரண்ட் வைப்பதை விட, இறுக்குவதைத் திரையில் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக்கும், மலத்தைக் கெட்டிப்படுத்தும் சாப்பாடும்தான் முதலில். தசை ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க டாக்டரிடம் கேளுங்கள்.

அக்காவும் நானும் ஒரே கருவியை வைத்துக்கொள்ளலாமா?

கருவியைப் பகிரலாம். ப்ரோப்பைக் கூடாது, கூடப்பிறந்தவளாக இருந்தாலும். ஆளுக்கு ஒன்று வாங்கி, பயன்படுத்தியதும் மென்மையான சோப்பில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பெயர் எழுதிய பையில் வையுங்கள்.